உப்புக்குச் சாகாத மீன்

ஷிர்வோட், கோவா
14 நவம்பர் 1993

சாந்தான்,

அறுப்பு முடிந்தது. உன் பள்ளத்து வயல் இந்த முறையும் கடைசியாகத்தான் காய்ந்தது. நெல் குறைவில்லை. உன் பங்கை உள் அறையில் மூட்டை கட்டி வைத்திருக்கிறேன். எலிக்குப் பூனை இருக்கிறது, பூனைக்கு நான் இருக்கிறேன்.

மதகில் வலை போடும் உரிமை மூன்று வருடத்துக்கு எனக்கே கிடைத்தது. ஏலத்தில் என்னை எதிர்த்து யாரும் கேட்கவில்லை. என் வாய்க்குப் பயந்து என்று ராய்மூந்த் சொல்கிறான். வயல்காரர் சங்கத்துக்கு இப்போது அவன்தான் தலைவன். உன் வயலுக்கு மேல் வயல்காரன் என்பதால் உனக்கும் பாதித் தலைவன் போலப் பேசுகிறான்.

முதல் வலையை நேற்று எடுத்தேன். இறால் சுமார். மடவை கொஞ்சம். மீதி எல்லாம் ஒரு கறுப்பு மீன். முதுகில் முள் வரிசை, தடித்த உதடு. மலேரியா வந்த வருடம், கொசு முட்டையைத் தின்னும் என்று சொல்லி கோயில் குளத்தில் விட்டார்களே, அதே மீன். ஜூலை வெள்ளத்தில் குளம் வழிந்து வயலுக்கு வந்துவிட்டது. கொசுக்கள் குளத்திலேயே நலமாக இருக்கின்றன.

மாப்புஸா சந்தைக்கு ஒரு கூடை கொண்டுபோனேன். ஒருத்தி விரலால் குத்திப் பார்த்தாள்.

"என்னடி இது, பழைய செருப்பு மாதிரி?"

"செருப்புன்னா ஜோடியாக் குடுத்திருப்பேன்," என்றேன். வாங்காமல் போய்விட்டாள்.

இது ஆற்று மீன், உப்பங்கழியிலிருந்து கடல் தண்ணீர் ஏறியதும் செத்துப்போகும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இன்னும் சில வாரத்தில் மதகைத் திறந்து உப்பை விடுவோம். தெரிந்துவிடும்.

சமையலறைக் கூரை ஒழுகுகிறது. நீ வந்துதான் ஏறவேண்டும் என்று இல்லை, சொல்லி வைத்தேன்.

அபொலின்


டர்பன் துறைமுகம்
20 ஜனவரி 1994

என் அருமை அக்கா,

உன் கடிதத்தை எங்கள் மாலுமிகளுக்கெல்லாம் படித்துக் காட்டினேன், செருப்புப் பகுதியை மட்டும். எங்கள் கப்பல் தலைவர் கிரேக்கர், எதற்கும் சிரிக்காத ஆள். அவரே பல்லைக் காட்டினார். எனக்கு ஒரு நாள் சமையலில் உப்பு கூடிப்போனதை அதோடு மன்னித்துவிட்டார்.

அந்த மீனை எனக்குத் தெரியும். ஆப்பிரிக்கக் கரை நெடுக விற்கிறார்கள். மொம்பாசாவில் முழுதாகப் பொரித்து, வெங்காயத்தோடு தருவார்கள். மோசமில்லை. மண்வாடை இருக்கும், வினிகரில் ஊறவைத்தால் போய்விடும். நீ கவலைப்படாதே. ஆற்று மீன் ஆற்று மீன்தான். உப்புத் தண்ணீர் வந்தால் வாயைப் பிளந்துவிடும்.

நான் வேறொன்று எழுத உட்கார்ந்தேன். இந்த ஒப்பந்தம் முடிந்ததும் இன்னும் ஒரே ஒரு ஒப்பந்தம். அதற்குப் பிறகு கப்பல் வேண்டாம். அக்கா, வாலிபத்திலிருந்து அடுத்தவனுக்குச் சோறு வேகவைக்கிறேன். மணிலாக்காரனுக்கு ஒரு பதம், கிரேக்கனுக்கு ஒரு பதம். எங்கோ விளைந்த அரிசி, மூட்டையில் யார் பெயரோ அச்சடித்திருக்கிறது. எனக்கு என் வயல் அரிசி வேண்டும். சிவப்பாக, தடியாக, கஞ்சி வடித்தால் வீடு முழுக்க மணக்கும் அரிசி. பள்ளத்து வயலை யாருக்கும் குத்தகைக்கு விடாதே. கரையோரம் ஒரு குடிசை போட்டு, மழைக்காலம் பூராவும் அங்கேயே இருப்பேன். நீ கஞ்சி கொண்டுவர வேண்டாம், நானே வைத்துக்கொள்வேன். உனக்கும் சேர்த்து.

சிரிக்காதே.

சாந்தான்


ஷிர்வோட்
27 மார்ச் 1994

சாந்தான்,

சிரிக்கவில்லை.

உப்பு வந்தது. மீன் சாகவில்லை. முன்னைவிடக் கொழுத்திருக்கிறது.

ஊரில் அதற்கு வாடகைக்காரன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு தடவை உள்ளே வந்தால் எந்தச் சட்டத்தாலும் வெளியே அனுப்ப முடியாதாம். வீட்டை வாடகைக்கு விட்டுக் கோர்ட்டுக்கு அலையும் ராய்மூந்த் வைத்த பெயர்.

இறங்குநீர் நேரத்தில் மதகுக் குழியைப் பார்த்துக்கொண்டு நிறைய நேரம் நிற்கிறேன். தண்ணீர் வற்றினால் சேற்றில் தட்டுத் தட்டாகப் பள்ளம் தெரிகிறது. ஒவ்வொன்றும் ஓர் ஆண் மீன் தோண்டியது. நம் ஊர்க் கரிமீன் மதகுக் கட்டைகளில்தான் முட்டை ஒட்டி வைத்து, ஆணும் பெண்ணுமாகக் காவல் இருக்கும். இப்போது காவல் இருக்க விடுவதில்லை. இடித்து இடித்துத் துரத்திவிட்டு முட்டையைத் தின்கிறது. தன் முட்டையை மட்டும் வாயில் வைத்துக்கொள்கிறது. குஞ்சு பொரித்த பிறகும், நிழல் விழுந்தால் போதும், குஞ்செல்லாம் தாய் வாய்க்குள் போய்விடும். இப்படிப்பட்ட பிள்ளை வளர்ப்பை நம் தெருவில் நான் பார்த்ததில்லை.

கரிமீன் ஒன்றுகூட இந்த மாதம் வலையில் இல்லை. மதகுக்கு வெளியே கழியில் படகு விடுகிறவர்களும், முகத்துவாரம் வரை வாடகைக்காரன் கிடைப்பதாகச் சொல்கிறார்கள். கடலுக்கே போய்விட்டது என்று அர்த்தம்.

ஞாயிறு பூசை முடிந்து சங்கக் கூட்டம் நடந்தது. ஒரு யோசனை வந்திருக்கிறது. வழக்கமாக மே மாதம் மதகை அடைப்போம், மழை வயலைக் கழுவும், ஜூனில் விதைப்போம். இந்த வருடம் அடைக்க வேண்டாம். மே மாதப் பௌர்ணமிக் கடல் ஏற்றத்தில் மதகுக் கதவை முழுக்கத் தூக்கி, வயல் முழுக்கக் கடலை ஏற்றிப் பிடித்து வைப்பது. வெயிலில் சுண்டச் சுண்ட, கடலைவிடக் கரிக்கும். அதில் எந்த மீனும் பிழைக்காது என்கிறார்கள். விலை, இந்த வருட நெல். அடுத்த வருடமும் சந்தேகம்.

எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் செய்ய முடியும். உன் வயல் மதகை ஒட்டியது, எல்லாவற்றிலும் தாழ்ந்தது, பெரியது. உப்பு கடைசிவரை தங்கப் போவதும் அங்கேதான்.

நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்பாய். செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் நிலம் உன்னுடையது. மே பௌர்ணமிக்கு முன் ஆம் என்றோ இல்லை என்றோ எழுது.

அபொலின்


ஆண்ட்வெர்ப்
22 மே 1994

அக்கா,

உன் மார்ச் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. இரண்டு துறைமுகத்தில் என்னைத் தவறவிட்டு, கப்பல் முகவரின் மேசையில் கிடந்திருக்கிறது.

வேண்டாம்.

முதலில் இதை எழுதிவிட்டேன், மற்றதைப் பிறகு படித்துக்கொள். கதவைத் தூக்காதீர்கள். தந்தி கொடுக்க ஓடினேன், ஞாயிற்றுக்கிழமை, பூட்டியிருக்கிறது. பாதிரியார் வீட்டுத் தொலைபேசிக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. மாலை கப்பல் கிளம்புகிறது. இந்தக் காகிதம் ஒன்றுதான் வழி.

உப்பு ஏறிய வயலை நான் பார்த்திருக்கிறேன். நாம் சிறுவர்களாக இருந்தபோது கீழ்க்கரை உடைந்ததே, அந்த நிலம் தேற எவ்வளவு காலம் ஆனது என்று உனக்கே தெரியும். மேல் வயல்காரர்களுக்கு ஒரு மழை போதும். ராய்மூந்த் ஆம் சொல்லுவான், அவனுக்கென்ன. என் வயல் கிண்ணத்தின் அடி. எல்லோருடைய உப்பும் வடிந்து அங்கேதான் நிற்கும்.

ஒரு மீனுக்காகவா? உனக்குக் கரிமீன் கிடைக்கவில்லை என்பதற்காக என் மண்ணைக் கொல்லப் பார்க்கிறாயா? அக்கா, இங்கே எனக்கு ஒரு கட்டில், அதன் மேலே இன்னொருவன் கட்டில். கண்ணை மூடினால் அந்த வயல்தான் இருக்கிறது. வேறு ஒன்றுமே இல்லை. இதை உனக்குத் தவிர யாருக்கும் நான் எழுதியதில்லை.

கோபமாக எழுதுகிறேன் என்றால், கோபம்தான். ஆனால் நீ செய்யமாட்டாய் என்றும் நம்புகிறேன். பதில் இல்லாமல் நீ எதுவும் செய்யமாட்டாய்.

சாந்தான்


ஷிர்வோட்
30 மே 1994

சாந்தான்,

உன் பதில் வரவில்லை. ஏற்றம் காத்திருக்காது.

என்ன நடந்தது என்று நானே சொல்கிறேன், வேறு யாரும் எழுதுவதற்கு முன். கூட்டத்தில் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். உன் முறை வந்தது.

"சாந்தான் என்ன சொல்றான்?" என்றான் ராய்மூந்த்.

"கடிதம் இன்னும் வரல."

"அவன் இல்லாம முடியாது அபொலின். அவனுதுதான் பள்ளம். அவன் ஒத்துக்கலைன்னா எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அவனுக்குச் சம்மதம்," என்றேன்.

"எழுதினானா?"

"எழுத வேண்டாம். எனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியாது. ஆனால் அப்படித்தான் சொன்னேன்.

பௌர்ணமியன்று நடுப்பகலில் கதவுப் பலகைகளைத் தூக்கினோம். கடல் முதலில் வாய்க்காலில் வந்தது, பிறகு வயலில் தட்டையாகப் பரவியது. சத்தமே இல்லை. காய்ந்து வெடித்திருந்த மண் கொப்புளம் கொப்புளமாகக் காற்றை விட்டது. உன் வயல்தான் முதலில் நிறைந்தது. சாயங்காலத்துக்குள் வரப்பு தெரியவில்லை. பலகைகளை மறுபடி இறக்கி, தண்ணீரை உள்ளே பிடித்து வைத்தோம்.

இப்போது வெயில் அதன் வேலையைச் செய்கிறது. மீன்கள் வெளுத்து, தோலில் புண் வந்து, மெதுவாக நீந்துகின்றன. நேற்றிலிருந்து மிதக்கின்றன. பிள்ளைகள் கோயில் மணியை அடித்துவிட்டு ஓடினார்கள். பாதிரியார் திட்டவில்லை.

அபொலின்


ஷிர்வோட்
26 ஜூன் 1994

சாந்தான்,

உன் ஆண்ட்வெர்ப் கடிதம் ஸாவ் ஜாவ் பண்டிகை அன்றுதான் வந்தது. எல்லோரும் தலையில் பூங்கொடி சுற்றிக்கொண்டு கிணற்றில் குதித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசற்படியில் உட்கார்ந்து படித்தேன்.

இரண்டு முறை படித்தேன். உன் கடிதம் சரியான நேரத்தில் வந்திருந்தால் நான் கூட்டத்தில் 'வேண்டாம்' என்றுதான் சொல்லியிருப்பேன். அதை நீ நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை.

இன்னொன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். மழை தொடங்கியதும் பார்த்தேன். வாய்க்கால் மூலையில், நல்ல தண்ணீர் வந்து விழுகிற இடத்தில், ஒரு பெண் மீன். அதன் வாயைச் சுற்றிப் புகை மாதிரிக் குஞ்சுகள். பாதி மீன் செத்தது உண்மை. மீதிப் பாதி சாகவில்லை.

அபொலின்


கடலில்
3 செப்டம்பர் 1994

அபொலின்,

நம்பவில்லை.

மூட்டை கட்டி வைத்திருக்கும் என் பங்கு நெல்லை விற்றுவிடு. கூரை போட்டுக்கொள். இனிமேல் என் பெயரில் யாரிடமும் எதையும் சொல்லாதே. எனக்கும் எழுத வேண்டாம்.

சாந்தான்


ஷிர்வோட்
11 டிசம்பர் 1994

சாந்தான்,

வேண்டாம் என்றாய். ஆனால் உன் நிலத்தில் நடந்ததை உனக்குத் தெரிவிப்பது என் கடமை. படிக்காமல் கிழித்தாலும் சரி.

நவம்பரில் தண்ணீரை முழுக்க வடித்தோம். ஊரே சேற்றில் இறங்கியது. கூடை, வாளி, சேலை முந்தானை, கிடைத்ததில் எல்லாம் மீனை அள்ளினார்கள். தென்னந்தோப்பில் குழி வெட்டிப் புதைத்தோம். இந்த வருடம் தேங்காய் பெருக்கும் என்கிறார்கள். முடிந்தது என்று நினைத்து எல்லோரும் ஃபெனி குடித்தோம். நானும்.

அடுத்த ஏற்றத்தில் மதகு வழியாகக் கழித் தண்ணீர் வந்தது. அதோடு வாடகைக்காரனும் வந்தான். வெளியே கழி முழுக்க இருக்கும்போது உள்ளே துடைத்து என்ன பயன் என்று அதற்கு முன் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

உன் வயலில் வெள்ளையாகப் பொருக்கு பூத்திருக்கிறது. மேல் வயல்களில் அவ்வளவு இல்லை. நீ சொன்ன மாதிரியேதான்.

ராய்மூந்த் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். உன் ஆண்ட்வெர்ப் கடிதத்தை அவனிடம் காட்டினேன். காட்ட வேண்டும் என்று தோன்றியது. படித்துவிட்டு மடித்துக் கையில் கொடுத்தான். "தம்பி பேர்ல பொய் சொன்னவ நாளைக்கு என் பேர்லயும் சொல்லுவ," என்றான். நியாயம்தான்.

நெல்லை விற்கவில்லை. பூனை செத்துவிட்டது, வேறு பூனை வைத்திருக்கிறேன். கூரை ஒழுகுகிறது.

அபொலின்


ஷிர்வோட்
19 ஆகஸ்ட் 1995

சாந்தான்,

இந்த வருடமும் யாரும் விதைக்கவில்லை. மேல் வயலில் ராய்மூந்த் ஒரு மூலையில் நாற்று விட்டுப் பார்த்தான், மஞ்சளாகப் படுத்துவிட்டது. விதைப்பு இல்லாததால் மதகைக் கவனிப்பாரும் இல்லை. ஒரு கதவுப் பலகை உளுத்து ஜூலையில் போய்விட்டது. ஏற்றமும் இறக்கமும் தன்னிஷ்டத்துக்கு வந்து போகின்றன.

வாடகைக்காரனை இப்போது சிலர் வாங்குகிறார்கள், பன்றிக்குப் போட.

கிறிஸ்துமஸுக்கு உனக்கு விடுப்பு உண்டு என்று முகவரின் அலுவலகத்தில் சொன்னார்கள். நீ எங்கே தங்குவாய் என்று தெரியாது. உன் அறையைப் பெருக்கி வைக்கிறேன். வராவிட்டால் பெருக்கினதுதான் மிச்சம்.

அபொலின்


கொழும்பு
25 பிப்ரவரி 1996

அக்கா,

விடுப்பு முடிந்து கப்பலுக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த இறால் ஊறுகாய்ப் பாட்டில் வழியிலேயே உடைந்து, என் சட்டையெல்லாம் இறால் நாற்றம். கப்பலில் பூனை இருந்திருந்தால் என்னைத் தின்றிருக்கும்.

நேரில் சொல்ல வாய் வராததை இங்கே எழுதுகிறேன். அவ்வளவு நாள் ஒரே மேசையில் உட்கார்ந்து, உப்பு எடு, தண்ணீர் எடு என்பதற்கு மேல் நாம் பேசவில்லை. அதில் பாதிக் குற்றம் என் மேல். பாதி என்றுதான் எழுதுகிறேன், மீதி உன்னுடையது.

வந்த அன்றே வயலுக்குப் போனேனே, நீ பின்னாலேயே வந்து வரப்பில் நின்றாய். மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உன்னைத் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று நின்றேன். பார்த்திருந்தால் கையை ஓங்கியிருப்பேன் என்று பயம். திரும்பியபோது நீ போய்விட்டிருந்தாய்.

அந்தக் கொடுவா மீனைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உளுத்துப்போன பலகைப் பக்கம் சும்மா தூண்டில் போட்டேன், உன் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஒரு வேலை. கை அறுந்துபோகிற மாதிரி இழுத்தது. என் இடுப்பு உயரம். அவ்வளவு பெரிய கொடுவா மதகுக்கு உள்ளே நான் பார்த்ததே இல்லை. கதவு இருந்தவரை குஞ்சுக் கொடுவாதானே இடுக்கு வழியாக வரும்.

அதன் வயிற்றை நீ கீறினாய். உள்ளே முழுக்க வாடகைக்காரன். சின்னதும் பெரிதுமாக, அடுக்கி வைத்த மாதிரி. நீ கத்தியைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாய். நானும் பார்த்தேன். பிறகு நீ மஞ்சளும் புளியும் போட்டுக் குழம்பு வைத்தாய்.

நான் அதற்கப்புறம் தினமும் மதகுக்குப் போனது உனக்குத் தெரியும். பெரிய கொடுவாக்கள் ஏற்றத்தோடு உள்ளே வருகின்றன, தின்கின்றன, இறக்கத்தோடு போகின்றன. சேற்றில் அந்தத் தட்டுப் பள்ளங்கள் நீ முன்பு எழுதிய அளவுக்கு இல்லை. பாதிகூட இல்லை.

இதை உன்னிடம் சொன்னால் நீ செய்தது சரி என்று ஆகிவிடுமோ என்று சொல்லாமலே கிளம்பிவிட்டேன். இப்போது சொல்கிறேன். நீ செய்தது சரியில்லை. ஆனால் கொடுவா வருகிறது.

சாந்தான்


ஷிர்வோட்
14 ஏப்ரல் 1996

சாந்தான்,

கடிதம் கிடைத்தது. நான் செய்தது சரியில்லை என்பதில் நமக்குள் சண்டை இல்லை.

உன்னிடம் கேட்க வேண்டியது வந்துவிட்டது. சங்கம் கூடியது. இரண்டு மழை கழுவியதில் மேல் வயல்கள் தேறிவிட்டன, இந்த வருடம் விதைக்கலாம் என்கிறார்கள். அதற்கு மதகுக்குப் புதுக் கதவு வேண்டும். தச்சன் பலகை அறுத்து வைத்துவிட்டான். கதவு போட்டால் கடல் வராது, நெல் வரும். கொடுவாவும் வராது. வாடகைக்காரன் உள்ளேயே இருந்து பெருகுவான்.

கொடுவா கதையைக் கூட்டத்தில் சொன்னேன். படகு விடுகிறவர்கள் தலையாட்டினார்கள். வயல் உள்ளவர்கள் தரையைப் பார்த்தார்கள். ராய்மூந்த் என்னைப் பார்க்காமல் பாதிரியாரிடம் சொன்னான்:

"ஃபாதர், எனக்கும் கரிமீன் பிடிக்கும். ஆனா ரெண்டு வருஷமா என் பிள்ளைங்க கடை அரிசி திங்குது. நான் யாருக்குன்னு பார்க்குறது?"

அவன் சொன்னதில் தப்பு இல்லை.

பிறகு அவனே கேட்டான், "பள்ளத்துக்காரன் என்ன சொல்றான்?" கூட்டம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. போன முறை பார்த்த அதே மாதிரி.

"தெரியாது. அவன்கிட்ட கேட்டு எழுதுறேன். பதில் வர்ற வரைக்கும் யாரும் பலகையத் தொடக்கூடாது," என்றேன்.

"மழைக்கு முன்னாடி வரலைன்னா?"

"வரலைன்னா இந்த வருஷமும் விதைக்காதீங்க."

கொஞ்சம் கூச்சல் ஆனது. யாரோ என்னைக் கிழட்டுக் கழுதை என்றார்கள். உட்கார்ந்தே இருந்தேன். கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். தந்தி போதும் என்று பாதிரியார் சொல்கிறார். தொலைபேசியை எடுக்க ஆள் போட்டிருக்கிறார். இந்தக் கடிதத்தின் நகலை உன் கப்பல் போகும் மூன்று துறைமுகங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன்.

கதவு போட்டால் உன் வயலும் மெல்லத் தேறும். இரண்டு மூன்று வருடம் ஆகலாம். நீ ஒப்பந்தம் முடித்து வருவதற்குச் சரியாக இருக்கும். அதையும் நினைத்துக்கொள். நான் என்ன நினைக்கிறேன் என்று இந்த முறை எழுதமாட்டேன்.

அபொலின்


சிங்கப்பூர்
5 மே 1996

அக்கா,

தந்தி கிடைத்திருக்கும். அதில் 'கதவு உள்ளே தள்ளி' என்று மட்டும் இருந்திருக்கும். தந்திக்காரி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். விளக்கமாக இதோ.

புதுக் கதவைப் பழைய மதகில் போடாதீர்கள். என் வயலுக்கும் ராய்மூந்த் வயலுக்கும் நடுவில் இருக்கிற வரப்பை உயர்த்திக் கரையாகக் கட்டுங்கள். கதவு அங்கே. மேல் வயல்கள் எல்லாம் கதவுக்கு உள்ளே, நெல் போட்டுக்கொள்ளட்டும். என் வயல் வெளியே. பழைய மதகைத் திறந்தே விட்டுவிடுங்கள். கடல் வரட்டும், போகட்டும். கொடுவா வரட்டும். கரை கட்ட என் வயல் மண்ணையே வெட்டி எடுத்துக்கொள்ளலாம். ஆழமாக வெட்டச் சொல். ஆழம் இருந்தால்தான் பெரிய மீன் நிற்கும்.

இதைக் கண்டுபிடிக்க நான் பெரிய அறிவாளியாக இருக்க வேண்டியதில்லை. வரைபடம் போட்டுப் பார்த்தேன், மாவு பிசைகிற பலகையில், மாவிலேயே. கிரேக்கர் வந்து என்ன இது என்றார். என் நிலம் என்றேன். எந்தப் பக்கம் என்றார். கையால் வழித்து எடுத்துவிட்டேன். அன்று ரொட்டி சரியாக வரவில்லை.

உனக்காக இதைச் செய்யவில்லை. ராய்மூந்துக்காகவும் இல்லை. யாருக்காக என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. நீ பதிலுக்குக் காத்திருந்தாய் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். கழுதை என்று சொல்ல விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாய் பார்.

வயல் இல்லாமல் நான் எதற்கு ஊருக்கு வரவேண்டும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். பதில் தெரிந்தால் எழுதுகிறேன். ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டிக் கேட்டிருக்கிறார்கள். இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

கூரையை மாற்று அக்கா. இது நான் கேட்பது.

சாந்தான்


ஷிர்வோட்
22 செப்டம்பர் 1996

சாந்தான்,

கரை மழைக்கு முன் முடிந்தது. நீ சொன்னபடியே மண்ணை உன் வயலிலிருந்து வெட்டினார்கள். உன் கடிதத்தைக் கூட்டத்தில் பாதிரியார்தான் படித்தார், நான் படிக்கவில்லை. யாருக்காக என்று தெரியவில்லை என்று நீ எழுதிய இடத்தில் அவர் குரல் கொஞ்சம் தடுமாறியது. சளி என்று சொன்னார். ராய்மூந்த் எழுந்து வெளியே போய் நின்றான். மறுநாள் கரை வேலைக்கு முதல் ஆளாக வந்தான். வேலை முடிகிற வரை கடைசி ஆளாகத்தான் போனான்.

மேல் வயல்களில் கொர்குட் நெல் நிற்கிறது, பால் பிடிக்கும் பருவம். மோசமில்லை. ராய்மூந்த் என்னோடு பேசுகிறான். முதல் பேச்சு, "உன் வலை என் கரைய அரிக்குது, தள்ளிக் கட்டு." தள்ளிக் கட்டினேன்.

கரிமீன் வந்ததா என்று கேட்பாய். உள்ளே இல்லை. வெளியே கழியில் படகுக்காரர்களுக்கு ஒன்றிரண்டு. வாடகைக்காரன் இருக்கிறான். இனி எப்போதும் இருப்பான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் வலை முழுக்க அவனே என்பது போய், வலையில் அவனும் என்று ஆகியிருக்கிறது. மடவை வருகிறது. நண்டு வருகிறது. கொடுவா நன்றாக வருகிறது.

உன் வயல் இப்போது வயல் இல்லை. ஏற்றத்தில் கழுத்தளவு, இறக்கத்தில் முழங்கால். நீ குடிசை போடுவதாகச் சொன்ன மூலையில் அலையாத்திக் கன்றுகள் தானாக முளைத்திருக்கின்றன. யாரும் நடவில்லை. பிடுங்கவும் இல்லை.

ஓடு மாற்றியாயிற்று. ஆள் வைத்துத்தான்.

நீ கையெழுத்துப் போட்டாயா என்று கேட்கமாட்டேன். வயல் இல்லாத ஊருக்கு எதற்கு வருவது என்ற உன் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தால், அதை உன் வாயில் வைக்கக்கூடாது என்று அடக்கிக்கொண்டிருக்கிறேன். எனக்கு அது எளிதான காரியம் இல்லை என்று உனக்குத் தெரியும்.

நேற்றுக் காலை நடந்ததை மட்டும் எழுதி முடிக்கிறேன். புதிதாக வலை வாங்கிய ஒருத்தி, கீழ்த்தெருவில் கல்யாணமாகி வந்தவள், உன்னைப் பார்த்ததே இல்லாதவள், வேலியோரம் வந்து நின்றாள்.

"அக்கா, சாந்தான்ல தண்ணி ஏறிடுச்சா?" என்று கேட்டாள்.

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. அந்தத் தண்ணீருக்கு ஊர் அந்தப் பெயரை வைத்துவிட்டிருக்கிறது. யார் வைத்தது, எப்போது என்று தெரியவில்லை. எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்களாம். என்னிடம்தான் இதுவரை யாரும் சொல்லவில்லை.

"ஏறிடுச்சு," என்றேன்.

"அப்ப நான் சாந்தான்ல வலை போடட்டுமா?"

"அவனுக்கு எழுதிக் கேட்டுச் சொல்றேன்," என்றேன்.

அவள் நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். நான் கேலி செய்யவில்லை. போடலாமா?

அபொலின்